ஒரு கோடு கூட்டி எடுத்த படம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு மிளகு இலை. சோளக்காடு என்ற மலையூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், பெஞ்சின் மேல், இரண்டு கிளாஸ்களுக்கு நடுவே கிடந்தது. கரும்பச்சை இலை. நுனிப் பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு. ஈரம் ஊறிய கறுப்பு. அதன் விளிம்பு வட்டமாக முடியாமல் நார் நாராகப் பிரிந்து பச்சைக்குள் ஓடியிருந்தது. இவ்வளவு துல்லியமாக என்னால் சொல்ல முடிகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அதைப் பார்த்தேன். வெறும் கண்ணால், ஒரு முழ தூரத்தில்.

இலையைக் கொண்டுவந்தவர் வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர்க்காரப் பெண். நாற்பதைத் தொடும் வயது. வாரத்தில் மூன்று நாள் சோளக்காட்டில் அன்னாசியும் மலைவாழையும் விற்பார். நான் அந்த வருஷம் புரட்டாசியிலிருந்து அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பத்தொன்பது வருஷம் ஒரு நாளிதழில் செய்தியும் எழுதி, படமும் எடுத்து, வெளியே வந்தவள். மலைச் சந்தையைப் பற்றி ஒரு படப் புத்தகம் போட ஒரு பதிப்பகம் ஒப்புக்கொண்டிருந்தது. தினமும் விடிந்ததும் கழுத்தில் கேமராவோடு சந்தையில் நிற்பேன். மற்றவர்கள் ஒதுங்கிப் போனபோது என்னிடம் முதலில் வாய் கொடுத்தவர் இவர்தான்.

"ஏனுங்க்கா, விடிஞ்சதிலிருந்து அதைக் கழுத்துல கட்டித் தூக்கிட்டே நிக்கறீங்களே, அதுக்கும் பசிக்குமுங்களா?"

"பசிக்காது. சார்ஜ் போட்டாப் போதும்."

"அப்ப எங்கூட்டுக்காரருக்கு அது எவ்வளவோ தேவலைங்க."

வீட்டுக்காரர் ஒன்பது வருஷமாகக் கேரளத்தில் எஸ்டேட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தீபாவளிக்கு வருவார், ஆடிக்கு வருவார், பத்து நாளில் கிளம்பிவிடுவார். அவர் முதன்முதலில் வேலைக்குப் போன வருஷம் இவர் தனியாளாகத் தங்கள் சரிவில் சில்வர் ஓக் மரங்களின் அடியில் மிளகுக் கொடி நட்டார். அறுபத்தெட்டுக் கொடிகள். நான் அங்கே தங்கியிருந்த வருஷம்தான் எல்லாக் கொடியும் நிறைந்து சரம் விட்டிருந்தது. காய் உதிராமல் நின்றுவிட்டால் தீபாவளிக்கு வருகிறவர் திரும்பிப் போக மாட்டார் என்று இருவருக்குள்ளும் பேச்சு. இதை எனக்கு இவர் ஒரு நாள் வாழைத்தாரிலிருந்து சீப்புகளை அறுத்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னார்.

அன்று காலை அவர் பழம் எதையும் கொண்டுவரவில்லை. இலையை மட்டும்தான்.

"நாலு கொடியில இப்படி இருக்குதுங்க. நேத்துப் பாக்கையில ரெண்டுதான். யாராச்சும் தெரிஞ்சவங்க இருந்தாக் கேட்டுச் சொல்லுங்க்கா. என் போனுல படம் புடிச்சா மூடுபனி புடிச்ச மாதிரி வருது."

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். சேலத்தில், பயிர் நோய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாளிதழில் மிளகு பற்றியோ மரவள்ளி பற்றியோ எழுதும்போதெல்லாம் அவரைத்தான் கேட்பேன். போன் செய்தேன். இலையையும் கொடியின் அடித்தண்டையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அடுத்த பஸ்ஸில் அந்தப் பெண்ணோடு கிளம்பினேன். கேமரா மடியில் இருந்தது. உதவி செய்யப் போகிறோம் என்ற நினைப்பில் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

இங்கே அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கேமராவுக்கு வெளிச்சத்தைப் பற்றிச் சொந்த அபிப்பிராயம் கிடையாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரமான ஒரு சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டியை அழுக்கு வேட்டியாக்கும். எருமையை வெளிற வைக்கும். இந்தப் பிடிவாதத்தை நாம் திருத்துவதற்காக மேலே வலது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல், இரண்டு பக்கமும் அளவுக் கோடுகள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று பெயர். வெள்ளையான பொருள் வெள்ளையாக வர வேண்டுமானால் கூட்ட வேண்டும். கறுப்பான பொருள் கறுப்பாக வர வேண்டுமானால் கழிக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

நான் அதை அப்படிக் கற்கவில்லை. செய்தித்தாள் மையைக் குடிக்கும். கணினித் திரையில் தெளிவாக இருக்கும் முகம் காலைப் பதிப்பில் கரிக்கட்டையாக வந்து நிற்கும். நான் வேலையில் சேர்ந்த முதல் மாதம், ஒரு கவுன்சிலர் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து, "மாலை தெரியுது, மைக் தெரியுது, என் மூஞ்சி எங்கேம்மா?" என்று கேட்டார். எங்கள் மூத்த புகைப்படக்காரர் என் கேமராவை வாங்கிச் சக்கரத்தைக் கூட்டல் பக்கம் ஒரு கோடு திருப்பிக் கொடுத்தார். "இனிமே இதைத் தொடாதே" என்றார். நான் தொடவில்லை. கூட்டத்தில் இடிபட்டு நகராமலிருக்க அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். பிறகு மூன்று கேமரா மாறியது. ஒவ்வொன்றையும் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே சக்கரத்தை ஒரு கோடு கூட்டி டேப் ஒட்டினேன். எங்கள் ஆபீசில் எல்லாருடைய கேமராவிலும் அந்த டேப் இருந்தது. வேலையை விட்ட பிறகும் எனக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை. அது ஒரு சக்கரம் என்பதே மறந்துவிட்டது.

தோட்டத்தில் மழை விட்டிருந்தது. மரங்களுக்குக் கீழே வெளிச்சம் கம்மி. கரும்பச்சை இலை, அதில் கறுப்புத் திட்டு, பின்னால் நனைந்த மண். அத்தனையும் இருட்டு. கேமரா தன் வழக்கப்படி அந்த இருட்டைச் சாம்பலாக்க முயன்றது. அதற்கு மேல் என் டேப் இன்னொரு கோடு கூட்டியது. நான் கழித்திருக்க வேண்டிய இடம் அது. இரண்டு தவறும் ஒரே பக்கம் சேர்ந்தன. பதினாறு படம் எடுத்தேன். திரையில் இலை இளம்பச்சையாகத் தெரிந்தது, விளிம்பில் கொஞ்சம் மஞ்சள். திட்டு பழுப்பாக இருந்தது. அடித்தண்டில் மண்ணோடு ஒட்டிய இடத்திலிருந்த கருமை, சாதாரண மரப்பட்டை நிறத்துக்கு வந்திருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எங்க இலை இத்தனை வெளுப்பா இல்லீங்களே."

"இந்தக் கேமராவுல அப்படித்தாங்க தெரியும். அப்பத்தான் விவரம் நல்லாத் தெரியும்."

"இது கறுப்புங்க்கா." இலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

நான் இலையையும் பார்த்தேன், திரையையும் பார்த்தேன். இலையைத்தான் நம்பாமல் விட்டேன். நிழலில் கண்ணுக்கு எல்லாமே கறுப்பாகத் தெரியும் என்று அவருக்கு விளக்கம் சொன்னேன். தொழிலில் நான் எத்தனை வருஷம் இருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் இலையைத் தாழ்த்திக்கொண்டார்.

சிக்னல் ரோட்டு மேட்டில்தான் கிடைக்கும். மேலே ஏறிப் படங்களை அனுப்பினேன். கால் மணி நேரத்தில் ஆய்வாளர் கூப்பிட்டார்.

"இலை வெளிறிப்போன மாதிரி இருக்கேம்மா. தண்டு நல்லாத்தான் இருக்கு. சத்துக் குறைபாடு மாதிரிப் படுது. ஆனா இந்த மழையில எனக்கு வேற சந்தேகம் ஒண்ணு இருந்துச்சு. நிறம் உள்ளபடிதானே இருக்கு?"

"உள்ளபடிதான் சார்."

பக்கத்திலிருந்து அந்தப் பெண் மெதுவாக, "கறுப்புன்னு சொல்லுங்க்கா" என்றார்.

போனைக் கையால் மூடிக்கொண்டு, "படத்துல எல்லாம் இருக்குங்க, அவர் பாத்துக்குவார்" என்றேன்.

"எதுக்கும் அந்த இலையைக் கொண்டுவந்து காட்டினா நல்லது" என்றார் ஆய்வாளர்.

போன் ஸ்பீக்கரில் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கிறது. "நாளைக்கு மொத பஸ்ஸுக்கே போயிட்டு வாரனுங்களே. ஒரு நாள்தானுங்க" என்றார்.

"எதுக்கு அலையறீங்க? படமே போதும்" என்று இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பதில் சொன்னேன். போனை அவர் கையில் கொடுத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றக்கூட இல்லை. பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு நான்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர்களே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

ஆய்வாளர் ஒரு நுண்ணூட்ட உரத்தின் பெயரைச் சொன்னார். தெளித்துவிட்டுப் பத்து நாள் பார்க்கச் சொன்னார். அன்று மாலையே அந்தப் பெண் அதை வாங்கித் தெளித்தார். மறுநாள் காலை மறுபடி மழை பிடித்தது.

பன்னிரண்டாவது நாள் அவர் போன் செய்தபோது நான் சேலத்தில் இருந்தேன், புத்தக வேலையாக.

"இலை கொட்டுதுங்க்கா. இப்ப பதினேழு கொடி."

"உரம் வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகுங்க."

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். அடுத்த வாரம் மறுபடி அவர் எண் வந்தது. பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. திருப்பி அழைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து புத்தகத்தின் முதல் மாதிரி அச்சுப் பிரதி வந்தது. வழவழப்பான உயர்ந்த தாள். அது மையைக் குடிக்காது. வடிவமைப்பாளர் ஒவ்வொரு படமாகப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "என்ன மேடம், மலைமேல எல்லாருமே பவுடர் அப்பிட்டுச் சந்தைக்கு வர்றாங்களா?" நானும் சிரித்தேன். அன்னாசியில் மஞ்சள் செத்திருந்தது. மிளகு கொட்டிய சாக்கு, சாம்பல் கொட்டியது போல் இருந்தது. "எவ்வளவு கூட்டி எடுத்தீங்க?" என்று கேட்டார். ஒரு கோடு என்று வாய் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அந்த இலை நினைவுக்கு வந்துவிட்டது.

மாலை நான்கு நாற்பதுக்குச் சேலத்தில் தங்கியிருந்த அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். பதினாறு படங்களும் இருந்தன. முதல் படத்தை ஒரு கோடு குறைத்தேன். பச்சை கறுத்தது. இன்னொரு அரைக் கோடு குறைத்தேன். திட்டு கறுப்பாகி, ஈரம் தெரிந்து, விளிம்பு நார் நாராகப் பிரிந்தது. டீக்கடை பெஞ்சில் பார்த்த அதே இலை. அடித்தண்டின் படத்தையும் குறைத்தேன். மண்ணுக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்குத் தண்டு அழுகியிருந்தது.

ஆய்வாளருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"இது எப்ப எடுத்தது?"

"அதே படம்தான் சார். அன்னிக்கு எடுத்தது."

"அன்னிக்கு வந்தது இப்படி இல்லையேம்மா."

"இல்லைங்க சார்."

"வாடல் நோய். மழையில ஓடிட்டே இருக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து, மிச்சமிருக்கிற கொடிக்கு வேர்ல ஊத்தச் சொல்லுங்க. பட்டுப்போனதைப் பிடுங்கி எரிக்கணும்" என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் போன் செய்தது அதற்கு ஒன்றரை மணி நேரம் கழித்து. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னது இது:

"சார் மறுபடியும் படத்தைப் பாத்தாரு. வேற நோயா இருக்கும்னு இப்பச் சொல்றாரு."

பொய் என்று எந்த வார்த்தையையும் காட்ட முடியாது. தவறு மட்டும் அந்த மனிதரின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்படி ஒரு வாக்கியத்தைச் செய்வது எனக்குத் தெரிந்த தொழில்.

"அவரு என்னங்க பண்ணுவாரு பாவம்" என்றார் அவர். "அத்தனை தூரத்துல இருந்து பாக்கறவருதானுங்களே."

அன்று நான் தூங்கியதாக நினைவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் மலை ஏறினேன்.

தோட்டத்தில் வீட்டுக்காரரும் இருந்தார். தீபாவளிக்கு வந்தவர், முன்பு பேசிக்கொண்டபடி திரும்பிப் போகாமல் தங்கியிருந்தார். அவரை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஒல்லியான மனிதர், பனியனுக்கு மேல் துண்டைக் குறுக்கே கட்டியிருந்தார். பட்ட கொடிகளை மரத்திலிருந்து உரித்து இழுத்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் மரங்கள் மொட்டையாக நின்றன. உரித்த கொடிகளைக் குவித்து வைத்திருந்த தீ, ஈரத்தில் பிடிக்காமல் புகைந்துகொண்டிருந்தது. காய்ச்சரங்கள் கொடியோடு கிடந்தன, பச்சையாகவே சுருங்கி.

"வாங்க்கா" என்றார் அந்தப் பெண். கையில் இரும்புச் சட்டி. சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தார்.

நின்றபடியே சொன்னேன். அந்த சார் தப்பாகச் சொல்லவில்லை, நான் அனுப்பிய படம்தான் தப்பு. கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருந்தேன். கறுப்பு அதில் வெளுத்துவிட்டது. அவர் கேட்டபோது நிறம் சரி என்று சொன்னதும் நான்தான். நேற்றுப் போனில் இதைச் சொல்லாமல் மறைத்தேன். வரிசையாகச் சொன்னேன். என் போனில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

அவர் சுண்ணாம்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். கறுத்த படத்தின் மேல் விரல் வைத்தார்.

"இதுதானுங்க எங்க இலை."

"ஆமாங்க."

"அன்னிக்கே சொன்னனுங்களே."

"சொன்னீங்க."

"நீங்க அத்தனை உறுதியாச் சொன்னீங்க. கேமராவும் பெருசு. எனக்குத்தான் கண்ணு போயிருச்சாட்டம்னு நெனச்சேனுங்க. போன வாரம் இஸ்கூலுல கண்ணு கேம்பு போட்டாங்க. ஒரு நாள் யாவாரத்தை உட்டுட்டுப் போயி வரிசையில நின்னு காட்டிட்டு வந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"கண்ணு நல்லாருக்குதாமுங்க. கண்ணாடியெல்லாம் வேண்டாம்னுட்டாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் கோபமாக எதுவும் இல்லை. நான் அதைத் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கொடி உரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பாமலேயே சொன்னார்: "அம்மிணி, அந்தக் கேமராவுல என்னையும் ஒண்ணு எடுங்க. எஸ்டேட்டுல எல்லாரும் கருவாயன்னுதான் கூப்பிடறாங்க. திரும்பிப் போகையில வெள்ளையாப் போயி நிக்கறேன்."

"சும்மா இருக்க மாட்டீங்க? வந்தவங்ககிட்ட" என்று மனைவி அதட்டினார்.

"ஏன், கேக்கக் கூடாதா? கறுத்ததெல்லாம் வெளுக்குதுன்னு அவங்களேதான் சொல்றாங்க."

வீட்டுக்காரர் பேசியது வேடிக்கையாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. எஸ்டேட்டுக்குத் திரும்பிப் போவது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மனைவிக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொடி இன்னும் மிச்சமிருக்குதுங்க" என்றார். அது எனக்குச் சொன்னதல்ல.

"இருக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர். "நீ ஊத்து."

நான் உதவுகிறேன் என்றேன். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு குடத்தைக் காட்டினார். மதியம் வரை மூன்று பேரும் சேர்ந்து நின்ற கொடிகளின் வேரில் கலவை ஊற்றினோம். ஊற்றிக்கொண்டே, இலை கொட்டாத கொடிகளை எண்ணினேன். எண்ணுவது என் பழக்கம். இருபத்தேழு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்தான் நினைவூட்டினார். சாப்பிட்டுப் போகச் சொன்னார். நான் சாப்பிடவில்லை.

பஸ்ஸில் டேப்பை உரித்தேன். பசை விரலில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. சக்கரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். பல வருஷம் அசையாமல் இருந்ததால் முதலில் அடம்பிடித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கு முன்னும் அதைப் பார்க்கிறேன். எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று கண்ணால் பார்த்து, கூட்டியோ கழித்தோ எடுக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தொரு வயது ஆனது.

புத்தகம் வெளிவந்தது. படங்களை எல்லாம் கணினியில் ஒன்றரைக் கோடு வரை குறைத்துச் சரிசெய்துவிட்டேன். படங்களுக்கு மட்டும் அப்படிச் செய்ய முடிந்தது. ஆய்வாளருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரி பதில் போட்டார். அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். சந்தையில் வைத்தே புரட்டிப் பார்த்து, அன்னாசிக் குவியலுக்குப் பின்னால் தான் உட்கார்ந்திருக்கும் படத்தைக் கண்டுபிடித்தார். பக்கத்துக் கடைக்காரப் பெண்ணிடம் காட்டினார். "நெறம் சரியா இருக்குதா பாருடி" என்று கேட்டார். அவள், "உன் நெறமேதான்" என்றாள். நான் பழம் வாங்குவதைப் போல் குனிந்துகொண்டேன்.

இருபத்தேழில் பத்தொன்பது கொடிகள் பிழைத்தன. தை மாதம் மூன்றாம் வாரம் அவருடைய வீட்டுக்காரர் கேரளத்துக்குப் போனார், ஒரு எஸ்டேட்டில் மிளகு பறிக்கும் வேலைக்கு.